ஏதோ கொஞ்சம் ஓடுவா

"உங்கள் சிஞோராவின் உயரம் எவ்வளவு?" என்று கடைக்காரன் என் புருஷனைக் கேட்டான்.

முன்னால் நிற்கிறவள் நான். பனியில் சறுக்கும் ஸ்கீப் பலகை ஒன்றைத் தூக்கி அதன் இடுப்பை, நடுப்பகுதியை, விரலால் அளந்து பார்த்துக்கொண்டு நிற்கிறவளும் நான். கேள்வி மட்டும் என் தலைக்கு மேலால் புருஷன் பேனாட்டிடம் போகிறது. அதுவும் எந்தச் சிஞோரா, எந்த எஜமானியம்மா? பலெர்மோவில் எங்கள் நிறத்தில் ஒருத்தி லிபெர்த்தா வீதிப் பக்கத்தில் ஒரு கடைக்குள் கால் வைத்தால், யாரோ ஒரு வீட்டுக்காரிக்குச் சாமான் எடுத்துப்போகத்தான் வந்திருப்பாள் என்பது இவர்களுடைய முடிவு. எனக்கு அந்த இடத்திலேயே காது சூடாகிவிட்டது.

"எனக்கு," என்றேன். "பலகை எனக்கு. என் உயரம் இதுதான். நிற்கிறேன், பாருங்கள்."

அவன் தாடியைச் சொறிந்தபடி மன்னிப்புக் கேட்டான். அது கோடையில் கடலுக்கு அடியில் நீந்துகிறவர்களின் சாமானும், குளிர்காலத்தில் ஸ்கீயும் விற்கும் கடை. இன்னும் ஒரு மூலையில் நீந்தக் காலில் மாட்டும் றப்பர்ச் செட்டைகள் தொங்கின. உள்ளே போய் ஒரு சோடிப் பலகையைக் கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினான். வெள்ளை நிறம், அதில் ஊதாப் பூக்கள்.

"பெண்களுக்கென்றே செய்தது. ஆல் மவுண்டன். எல்லாச் சரிவுக்கும் போகும். பாரமில்லை, பயமில்லை."

நுனியைப் பிடித்து வளைத்துப் பார்த்தேன். பாய் மாதிரி வளைந்தது. நடுப்பகுதியும் அகலம். புதுப் பனியில் மிதப்பதற்கு அது நல்லது. ஆனால் எங்கள் பியானோ பத்தாலியா மலையில் புதுப் பனி எத்தனை நாளைக்குக் கிடக்கிறது? இரவில் இயந்திரம் ஓடிச் சரிவைச் சமப்படுத்திவிட்டுப் போகும். காலையில் அது கண்ணாடி போல் இறுகிக் கிடக்கும். மத்தியானம் ஆபிரிக்கக் காற்று வந்தால் சீனிப் பாகாகிவிடும். அந்தக் காலைக் கண்ணாடியில்தான் எனக்கு ஓட வேண்டும். பலகையைச் சரித்து, அதன் இரும்பு விளிம்பு பனியைக் கடிக்க, சறுக்காமல் வெட்டிக்கொண்டு வளைய வேண்டும். அதற்கு இடுப்பு ஒடுங்கிய, வளைத்தால் திருப்பி உதைக்கிற பலகை வேண்டும். பூ வேண்டாம்.

"ஒடுங்கினது இல்லையா? எழுபத்தாறு மில்லிமீட்டர், அதற்குக் கிட்ட?"

அவன் இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். கறுப்பில் ஒரு சோடி இருந்தது. அதுவும் பெண்களுக்கானதுதான், ஆனால் உள்ளே உலோகத் தகடு வைத்தது. அதையே இன்னும் நீளத்தில் கேட்டேன். நீளமானால் வேகம் என்பது என் எண்ணம். இல்லை, உங்கள் உயரத்துக்கு நாடிக்கும் மூக்குக்கும் இடையில் நின்றால்தான் சின்ன வளைவு சுகமாக வரும் என்றான். அதில் அவன் சொன்னது சரி. கறுப்புப் பலகை என் மேலுதட்டுக்கு நேரே வந்து நின்றது. எனக்கு அதைக் கீழே வைக்க மனமில்லை.

"ஒன்று கேட்க வேண்டும்," என்றான். "சப்பாத்தைப் பிடிக்கிற இந்தக் கவ்வியை நான் இறுக்கித் தர வேண்டும். எப்படி ஓடுவீர்கள் என்று நீங்கள் சொல்வதை வைத்துத்தான் இறுக்குவேன். மெதுவாக ஓடுகிறவருக்கு லேசாக விடுவோம், விழுந்தால் உடனே கழன்றுவிடும். ஆனால் நன்றாக ஓடுகிறவருக்கு லேசாக விட்டால், நடு வளைவிலேயே கழன்றுவிடும். இறுக்கி விட்டு ஓடத் தெரியாவிட்டால் கால் முறியும். ஆகவே உண்மையைச் சொல்லுங்கள். கொஞ்சம் ஓடுவீர்களா, சுமாராகவா, நன்றாகவா?"

"போக்கோ, போக்கோ," என்றார் பேனாட் சிரித்துக்கொண்டு. கொஞ்சம், கொஞ்சம். கேட்டது என்னை. மறுமொழி சொன்னது அவர்.

அதுகூடப் பரவாயில்லை. கடைக்காரன் அவரை விட்டுவிட்டு என்னையே திரும்பக் கேட்டான். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "ஓம்... கொஞ்சம்தான்."

எங்கள் தமிழ் ஆட்களிடம் எதைக் கேட்டாலும் இதுதான் மறுமொழி. பாடத் தெரியுமா? ஏதோ கொஞ்சம். சமைப்பீர்களா? ஏதோ கொஞ்சம். எங்கள் கோயில் பாடகர் குழுவில் கிளறா வாய் திறந்தால் ஃபாதரே கண்ணை மூடிக்கொள்வார், அவளைக் கேட்டாலும் ஏதோ கொஞ்சம் என்றுதான் சொல்வாள். நன்றாகத் தெரியும் என்று சொன்னால் தலைக்கனம் பிடித்தவள் என்று ஆகிவிடும். அடக்கம் என்று சொல்லித் தந்துவிட்டார்கள். கால் முறிகிற விஷயத்தில்கூட அடக்கம்! எனக்கு வந்த கோபத்தில் பாதி பேனாட் மேல், பாதி என் நாக்கின் மேல்.

கடைக்காரன் மெல்லக் கறுப்புப் பலகையை ஒதுக்கிவிட்டுப் பூப் போட்டதை முன்னுக்குத் தள்ளினான். அவன் என்ன செய்வான், கொஞ்சம் ஓடுகிறவளுக்கு அதுதான் பொருத்தம்.

பேனாட் என் கையைப் பிடித்து இழுத்தார். "இஞ்சாரும், வாரும். முதல்ல வீடுகளில கேட்டுப் பாப்பம். பிறகு வாங்கலாம்."

வீடுகளில் கேட்பது எங்கள் வழக்கம். பலெர்மோவில் எங்கள் ஆட்கள் எதையும் கடையில் வாங்குவதற்கு முன், வேலை செய்கிற வீடுகளில் கேட்டுப் பார்ப்பார்கள். எங்கள் சோஃபா ஒரு பல் டாக்டருடையது. குளிர்சாதனப் பெட்டி ஒரு வக்கீலுடையது. நான் போட்டிருக்கும் கோட்டு, வேலை செய்யும் வீட்டுச் சிஞோரா மிராபெல்லாவின் தங்கச்சியுடையது. நல்ல சாமான்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு பொருளை நானாகப் பார்த்து, இதுதான் எனக்கு என்று எடுத்தது கிடையாது. மகள் யூலியானா மிலானுக்குப் படிக்கப் போகும்போது எடுத்துப் போன சூட்கேஸிலும் வேறு யாரோ ஒருவருடைய பெயரின் முதல் எழுத்துத்தான்.

மன்னாரில் பிறந்தவளுக்குப் பனியில் என்ன வேலை என்று கேட்கலாம். கோயிலில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். வேலைதான் என்னைப் பனிக்குக் கொண்டுபோனது. சிஞோரா மிராபெல்லா வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுடைய சின்ன மகள் ஃபெதெரிக்காவுக்கு நாலு வயது. மலையில் அவர்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. குளிர்காலத்தில் சனி ஞாயிறு அங்கே போவார்கள், நானும் போவேன். சூடான பாலும் உலர்ந்த கையுறையும் வைத்துக்கொண்டு சரிவின் அடியில் நிற்பதுதான் என் வேலை. பிள்ளை நான் இல்லாமல் மேலே போக மாட்டேன் என்று புரண்டு அழுதாள். அதனால் பயிற்றுநர் என் காலிலும் பலகையை மாட்டிவிட்டார். அவள் பழகினாள், நானும் பழகினேன். ஆனால் எப்போதும் அவளுக்குப் பின்னால். கண் முழுக்க அவளுடைய இளஞ்சிவப்பு ஹெல்மெட்டில். அவள் விழுந்தால் நான் நிற்க வேண்டும். அவள் நின்றால் நான் நிற்க வேண்டும். ஒரு வளைவை முழுதாக வளைந்து முடித்ததில்லை.

அவள் வளர்ந்துவிட்டாள். போன குளிர்காலத்தில் நான் தனியே, நகரத்திலிருந்து புறப்படும் ஸ்கீ கிளப் பஸ்ஸில் ஏறிப் போனேன். மொட்டை விளிம்புள்ள வாடகைப் பலகைதான். இருந்தும் ஆளில்லாத காலைச் சரிவில் ஒருமுறை சரித்தேன், விளிம்பு பிடித்தது. கீழே வந்து திரும்பிப் பார்த்தேன். பனியில் இரண்டு மெல்லிய கோடுகள், ஊசியால் கீறினதுபோல, மேலிருந்து கீழ்வரை. அவை என்னுடையவை. எவருடைய பிள்ளைக்கும் பின்னால் போனவை இல்லை. நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, கல்யாணத்தன்றுகூட இல்லை. அதை நான் பேனாட்டிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சனி மாலைக்கு மாற்றிக்கொண்டேன். கிளறா கோயில் வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"எடி றோசமலர், உனக்கு இந்த வயசில பனிச்சறுக்கோ? முழங்கால் போச்செண்டால் ஆரடி வேலைக்குப் போறது?"

"நீங்கள் எல்லாரும் சாந்தா றோசாலியாவின்ரை கோயிலுக்கு மலை ஏறிப் போறியள். நான் மலையால இறங்கிறன். உங்களுக்கென்ன?" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கடைக்குப் போன சனிக்கிழமை கழிந்து திங்கட்கிழமை. காலையில் வேறொரு வீட்டில் வேலை. அது முடிந்து பல்லரோச் சந்தையில் மீனும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீடு என்பது, சிஞோரா மிராபெல்லா குடியிருக்கும் கட்டடத்தின் அடியில் காவல்காரருக்குக் கொடுத்த இரண்டு அறை. பேனாட் அந்தக் கட்டடத்துக்குப் போர்த்தியேரே. வாசலைப் பார்ப்பார், படிக்கட்டுக் கழுவுவிப்பார், கடிதம் பிரித்துக் கொடுப்பார். கட்டட நிர்வாகி சிஞோராவின் தமையன். ஆகவே பேனாட்டுக்கு மேல் மாடியில் யார் தும்மினாலும் கீழே நெஞ்சு இடிக்கும். அவருடைய பயம் எனக்கு விளங்காமல் இல்லை.

கதவைத் திறந்தேன். மேசைக்கும் அலுமாரிக்கும் இடையில் ஒரு சோடி ஸ்கீ சாய்ந்து நின்றது. நுனி அலுமாரிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீரே!" பேனாட்டின் முகமெல்லாம் பல். "சிஞோரா தந்தவா. மூத்த மகள் லுதோவிக்காவின்ரை. ரெண்டு தரம்தான் போட்டதாம். புதுசு மாதிரிக் கிடக்கு."

நான் மீன் பையைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் போய் நின்றேன். லுதோவிக்கா நெடுநெடுவென்று வளர்ந்தவள். பலகை என் தலைக்கு மேலே ஒரு சாண் போனது. நடுப்பகுதி என் உள்ளங்கையை விட அகலம். ஆல்ப்ஸ் மலையில் இடுப்பளவு புதுப் பனியில் மிதக்க வாங்கினது. இதை எங்கள் காலைச் சரிவில் சரிப்பதென்றால் அலுமாரியைச் சரிக்கிற மாதிரித்தான்.

"இது எனக்குச் சரிவராது," என்றேன்.

"ஏன் சரிவராது? பலகை பலகைதானே. ஒரு பொருளைச் சும்மா தந்தால்..."

"உங்கடை காலுக்குச் சரியில்லாத சப்பாத்தைத் தந்தால் போடுவீங்களோ?"

"போட்டிருக்கிறன்," என்றார். அது உண்மை. ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை.

"அதோடை சிஞோரா ஒரு விசயமும் சொன்னவா. பெப்ரவரியில அவையள் எல்லாரும் வடக்கை, பெரிய மலைக்குப் போகினமாம். லுதோவிக்காவின்ரை மகள் மத்தில்தேக்கு இப்ப நாலு வயசு. பிள்ளைக்குப் பக்கத்தில ஓட ஒரு ஆள் வேணுமாம். உமக்கு இப்ப ஸ்கீயும் இருக்குத்தானே எண்டு கேட்டவா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஆரைக் கேட்டு ஓம் எண்டனீங்கள்? கடையில கொஞ்சம் எண்டனீங்கள். இஞ்சை ஓம் எண்டனீங்கள். என்ரை கால், என்ரை ஞாயிற்றுக்கிழமை, எல்லாத்துக்கும் நீங்கள்தான் வாயோ?"

"மெல்லக் கதையும், படியில கேக்கும்."

"கேக்கட்டும்! இன்னொரு ஹெல்மெட்டுக்குப் பின்னால போக என்னால ஏலாது. ஒண்டு வளத்து முடிச்சிட்டன். எனக்கெண்டு ஒரு சரிவு கேட்டன், ஒரே ஒரு சரிவு. அதையும் கொண்டுபோய் மேல் மாடியில குடுத்திட்டு வந்து பல்லைக் காட்டுறீங்கள்!"

"உமக்கு விசரே? இந்த வீடு ஆற்றை வீடு? சிஞோரா தமையனிட்டை ஒரு சொல் சொன்னால் நாங்கள் ஊர்க்கோடியில, பிரான்காச்சோவில போய் அறை தேட வேணும். யோசிச்சுக் கதையும்."

"யோசிச்சிட்டன்," என்றேன். யோசிக்கவில்லை. பலகைகளைச் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் பழைய இரும்புக் கூடு. லுதோவிக்காவின் பலகையோடு நான் உள்ளே நின்றால் கதவு சாத்த இடமில்லை. படியால் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இடித்தது. பேனாட் வெள்ளையடித்த சுவர். இடிபடட்டும் என்று ஏறினேன்.

சிஞோரா கதவைத் திறந்ததும் பலகையைப் பார்த்து, "ஏன், கவ்வி சரியில்லையா?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். யூலியானாவின் முதல் நன்மைப் பூசைக்கு வெள்ளைச் சட்டை தைப்பித்துத் தந்தவள். அதனால்தான் அவளிடம் கோபப்படுவது அவ்வளவு கஷ்டம்.

"எனக்கு அளவில்லை, சிஞோரா. நன்றி. திருப்பிக் கொண்டுவந்தேன். பெப்ரவரியில் நான் வரவும் மாட்டேன்."

"பேர்னார்தோ சரி என்றானே?" பேனாட்டை இவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பேர்னார்தோ வேண்டுமானால் வரட்டும். அவருக்கு ஓடத் தெரியாது."

அவள் சிரிக்கப் பார்த்தாள். என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். "றோசா, உனக்கு ஸ்கீ எதற்கு? எங்களோடு வராவிட்டால், அதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?"

"ஓடப் போகிறேன்."

"தனியாகவா?"

"தனியாக."

அவளுக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை. முகத்தில் தெரிந்தது. பிறகு, மனம் நொந்தவள் பேசும் குரலில் சொன்னாள்: "நான் உன்னைக் கூட்டிப் போயிருக்காவிட்டால் உனக்குப் பனி என்றால் என்னவென்று தெரிந்திருக்குமா?"

தெரிந்திருக்காது. அவள் சொன்னது முழு உண்மை. அந்த உண்மைதான் எனக்கு எல்லாவற்றையும் விட ஆத்திரத்தைக் கிளப்பியது. பனியை அவள் காட்டினாள். அதற்காகச் சாகும்வரை அவளுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பின்னால் சறுக்கிக்கொண்டு இருக்க வேண்டுமா?

"நீங்கள் காட்டினீர்கள்," என்றேன். "நான் ஃபெதெரிக்காவைக் காத்தேன். ஒரு நாள்கூட அவளுக்கு எலும்பு முறிய விடவில்லை. கணக்குச் சரியாகிவிட்டது."

பலகைகளைச் சுவரோடு சாய்த்து வைத்தேன். ஒன்று வழுக்கி, சலவைக்கல் தரையில் பெரிய சத்தத்தோடு விழுந்தது. இரண்டு பேருமே குனியவில்லை.

"பேர்னார்தோவோடு பேசிக்கொள்கிறேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பேர்னார்தோவோடு! அவ்வளவு படி ஏறி, அவ்வளவு வாயைத் திறந்து, கடைசியில் மறுமொழி மறுபடியும் என் புருஷனுக்குத்தான் போகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். பயமில்லை, ஆத்திரம். சரி, கொஞ்சம் பயமும்தான்.

நான் கீழே வரவும் வாசல் அறையிலிருந்த சித்தோஃபோனோ அடித்தது. மாடிகளிலிருந்து காவல்காரரைக் கூப்பிடும் உள் தொலைபேசி அது. பேனாட் என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு நான் வாசற்படியில் நின்றேன். அவர் இப்போது ஓம் என்று சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. மிலானுக்குப் போகும் ரயில்கூட ஒரு கணம் மனதில் ஓடியது.

எடுத்தார். சிஞோராவின் குரல் வாசல் வரை கேட்டது. அவர் "சி, சிஞோரா... சி..." என்று குனிந்துகொண்டே கேட்டார். தொலைபேசிக்கும் குனிகிற மனுஷன் அவர். கடைசியில் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குத் தெரியாது, சிஞோரா. றோசாவைத்தான் கேட்க வேண்டும்."

மேலே வைத்துவிட்டார்கள். பேனாட் தொலைபேசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இருந்தார்.

"சந்தோசமே?" என்றார். அவர் குரலிலும் கோபம் இருந்தது. இருக்கட்டும். அவருக்கும் ஒரு கோபம் வேண்டும்தானே.

"சுவரில ரெண்டு மூண்டு இடத்திலை கீறுப்பட்டுப் போச்சு," என்றேன். "பெயின்ற் எடுத்து வையுங்கோ."

அடுத்த நாள் வழமைபோல மேலே போய் இஸ்திரிப் பெட்டியால் துணி மினுக்கினேன். சிஞோரா என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. என்னை நிறுத்துவாளா, தமையனிடம் சொல்வாளா, ஒன்றும் தெரியவில்லை. லுதோவிக்காவின் பலகை விழுந்த இடத்திலேயே கிடந்தது. வீடு கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டினேன்.

மினுக்கி முடித்து நேரே கடைக்குப் போனேன், தனியாக. தாடிக்காரன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தான், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை.

"கறுப்புச் சோடி," என்றேன்.

அதை எடுத்து மேசையில் கிடத்தினான். கவ்வியைத் திறந்து மூடிப் பார்த்தான். எடை கேட்டான், சொன்னேன். வயது கேட்டான், சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி.

"அன்றைக்குக் கொஞ்சம் என்றீர்கள்."

நாக்கில் அந்தச் சொல் தயாராக வந்து நின்றது. அது எங்கே போகும், ஒரு பிறவி முழுக்கப் பழகினது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினேன்.

"நன்றாக," என்றேன். சத்தமாக வந்துவிட்டது. றப்பர்ச் செட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். "நான் நன்றாக ஓடுவேன். மிக நன்றாக ஓடுவேன்."

எந்த மொழியிலும் அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதுவரை சொன்னதில்லை. முகம் பற்றி எரிந்தது.

கடைக்காரன் திருப்புளியை எடுத்தான். உடனே திருப்பவில்லை. "அப்படியென்றால் இறுக்குகிறேன். ஆனால் நீங்கள் விழுந்தால்?"

"விழுந்தால் நான்தானே விழுவன்," என்றேன், தமிழில். அவன் விழித்தான். இத்தாலியனில் திரும்பச் சொன்னேன்.

அவன் குனிந்து இறுக்கத் தொடங்கினான்.